சினச்சான்று

காலையில் பல் துலக்கியதும் அம்மாவைத் திட்டி ஓர் அஞ்சல் எழுதுவது என் வழக்கம். அன்றும் எழுதினேன். "நீ உசிரோட இருக்கியா இல்லையான்னு தெனம் நான்தான் கேக்கணுமா? மாத்திரை போட்டியா? போடாம கெடந்து சாவு." எழுதுபலகையில் விரல்களை அழுத்தித் தட்டினேன். பலகை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. காபி ஆறுவதற்குள் மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. "போட்டேன்டி எருமை. ஒன்னப் பெத்ததுக்கு மாத்திரை ஒண்ணுதான் கேடு." முதல் தர முத்திரை குத்தியிருந்தது. அம்மா நலமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினேன்.

வீதியில் எல்லாம் வழக்கம்போலத்தான். பால் நிலையத்துக்காரர் தன் தம்பிக்கு அஞ்சல் தட்டிக்கொண்டே பாக்கெட்டை வீசினார். பேருந்தில் என் பக்கத்தில் இருந்த பெண் காதலனுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், நாயும் பேயும் தாராளமாக இருந்தன. இந்த வருடத்துக்குள் கல்யாணம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருந்த தெருக்களில் இப்போது வசவுக் கடைகள். சொந்தமாகத் திட்ட வராதவர்களுக்கு அங்கே தாள் தாளாக எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் தாள்கள் எதற்கும் உதவாது. அதைச் சொன்னால் கடைக்காரன் அடிக்க வருவான்.

என் பெயர் கோமளவல்லி. பெயர் வைத்தவர்கள் காலத்தில் நாடு வேறு மாதிரி இருந்தது. அஞ்சல் பிணியகத்தில் பிணியறிவாளராக இருக்கிறேன். ஓர் அஞ்சல் போய்ச் சேரவில்லை என்றால், எந்தச் சர்வரில், யார் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. போய்ச் சேர வைப்பது என் வேலை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல்தான் ஜனங்கள் என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று கத்துகிறார்கள். நானும் கத்துவேன். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

அந்தப் புதன்கிழமை வரிசையில் ஒருவர் மட்டும் நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் முண்டியடித்தால், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் நான் தடுப்பை இறக்கப் போனபோது அவர் ஒருவர்தான் மிச்சம். வெளுத்த சட்டை, சட்டைப்பையில் குட்டி ஸ்குரூ டிரைவர், அறுபதை நெருங்கும் வயது.

"சாப்பாட்டு நேரம்யா. போ, அப்புறம் வா."

"சரிங்க அம்மிணி. நீங்க சாப்பிட்டு வாங்க. நான் நிக்கறனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்று என்னைச் சாப்பிடச் சொன்னவர் யாருமில்லை. மோசடிக்காரனோ என்று முதலில் அவருடைய விரல்களைத்தான் பார்த்தேன். உண்மையான விரல்கள்தான், நகக்கண்ணில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. சாப்பாட்டை மறந்துவிட்டு, "சொல்லித் தொலை" என்றேன்.

பெயர் நாச்சிமுத்து. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகள் செவ்வந்தி ஐந்து வருடங்களுக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள். சண்டை அவள் மட்டும் போட்டது, இவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவளிடமிருந்து போன வாரம் வந்த அஞ்சலை என் திரையில் காட்டினார்.

"அஞ்சு வருசமா ஒரு வார்த்தை எழுதலை நீங்க. கல்லுங்களா நீங்க? அந்த ஆளு எங்களை விட்டுட்டுப் போயிட்டான். கைக்குழந்தைப் பையனோட ரஷ்யாவுல விளாதிவஸ்தோக் முகாம்ல நிக்கறேன். வீட்டுக்கு வரலாமா கூடாதா, அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லித் தொலைங்க. இல்லீன்னா வடகடல் கப்பல்ல ஏறிடறேன்."

வடகடல் குடியேற்றம் என்றால் இருபது வருட ஒப்பந்தம். பனி உருகிய மண்ணில் கோதுமை போடுகிறார்கள். போனவர்களுக்கு அங்கிருந்து அஞ்சலும் கிடையாது.

"நீ பதில் போட வேண்டியதுதானே?"

"போட்டனுங்க. அப்பயே போட்டனுங்க. திரும்பித் திரும்பி வருதுங்க."

"அஞ்சு வருசமா என்ன பண்ண?"

"அப்பவும் எழுதிட்டுத்தானுங்க இருந்தேன். எல்லாமே திரும்பி வந்துரும். அவதான் வேண்டாம்னு திருப்பறான்னு நெனச்சனுங்க. கோவம் தணியட்டும்னு இருந்துட்டனுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அஞ்சல் திரும்பி வந்தால் அதன் அடியில் காரண வரி என்று ஒன்று இருக்கும். ஏன் திருப்பினோம் என்று அந்த ஊர்ச் சர்வர் சொல்லும் வரி. பள்ளிப் பிள்ளைகள்கூட அதைத்தான் முதலில் படிக்கும். இந்த மனிதர் படிக்கவே இல்லை. மகள் வேண்டாம் என்று சொன்ன பிறகு அதற்குக் காரணம் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாராம்.

கருவிகளை எடுத்தேன். முதலில் தடங்காட்டி. அஞ்சல் போகும் பாதையில் ஒவ்வொரு சர்வரையும் தட்டிப் பார்க்கும் கருவி அது. திருப்பூரில் புறப்பட்டது, சென்னையைத் தாண்டியது, கடலடிக் கம்பியில் இறங்கியது, முகாம் வாசல் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் போயிருந்தது. அடுத்து தலைப்புரை பிரிப்பி. அஞ்சலின் உறையைக் கிழித்து, கையெழுத்துச் சாவி சரியா, முகவரி உண்மையா, தடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடும். எல்லாம் பச்சை. இப்படி ஒரு சுத்தமான தலைப்புரையை நான் பார்த்து நாளாகிவிட்டது. கடைசியாகக் கைகுலுக்கியைப் போட்டேன். தூரத்துச் சர்வரோடு நாமே நேரில் வரி வரியாகப் பேசுவதற்கான கருவி.

"திருப்பூர் வந்திருக்கிறேன்" என்று தட்டினேன்.

"வந்தால் என்ன?" என்றது முகாம் சர்வர். ஒரு காலத்தில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொள்ளுமாம்.

"நாச்சிமுத்துவின் அஞ்சல் கொண்டுவந்திருக்கிறேன்."

"காட்டு."

காட்டினேன். அவர் எழுதியிருந்தது ஒரே வரி. "வா கண்ணு. பையனையும் கூட்டிட்டுப் பத்திரமா வாங்க." முகாம் சர்வர் உடனே மறுப்பு எண்ணை முகத்தில் அடித்தது. ஐநூற்றைம்பது. காரண வரி: சினம் பூச்சியம். அனுப்புநர் மனிதர் அல்ல.

"என்னங்க சொல்லுது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"நீ மனுசன் இல்லைன்னு சொல்லுது."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படீங்களா" என்றார். அதற்குக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை.

அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊரில் இன்னும் ஒருவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. இயந்திரங்கள் மனிதர்களைப்போல எழுதக் கற்ற காலத்தில் உலகமே இனித்துக் கிடந்தது. அன்பான அம்மா, அக்கறையான மகன், கனிவான வங்கி அதிகாரி, எல்லாம் இயந்திரம். நம்பிப் போனவர்கள் குடும்பம் குடும்பமாக நாசமாகப் போனார்கள். குரலையும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு தொலைபேசியை யாரும் காதில் வைப்பதில்லை. அப்புறம்தான் சினச்சான்று வந்தது. எழுதுகிறவரின் விரல்நுனி நாடியைப் பலகை படிக்கும். அமைதியான நாடியைப் பொம்மைக் கையில் வைத்துப் பழக்கிவிடலாம். கோபத்தில் துள்ளும் நாடியை மட்டும் இதுவரை எவனாலும் செய்து காட்ட முடியவில்லை. மகிழ்ச்சியை வைத்தும் சோதித்துப் பார்த்தார்களாம். போதிய அளவு கிடைக்கவில்லையாம்.

"அப்ப கோவமா எழுதோணுங்களா?"

"ஆமா. திட்டணும். எழுத்தும் நாடியும் ஒத்துப்போகணும். விரல் கோவத்துல ஆடுறப்ப 'கண்ணு'ன்னு எழுதினா கள்ளச்சினம்னு சொல்லிரும். எனக்குப் பதிலா நீயே எழுதிருன்னு கேக்காத. முகாம் பெட்டி ரத்த உறவுக்கு மட்டும்தான் தொறக்கும்."

"எனக்கு வராதுங்களே அம்மிணி."

"வரும். எல்லாருக்கும் வரும்."

தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வசவுக் கடையில் வாங்கியது. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிட்டாராம், கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் கூசிப்போய் மடித்து வைத்துவிட்டாராம். நான் தடுப்பதற்குள் பலகையை இழுத்து அதிலிருந்து ஒரு வரியைத் தட்டினார். தட்டும்போதே உதடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. என் மேசையில் இருந்த சினமானியின் முள் அசையவே இல்லை. திரை சிவந்தது. கள்ளச்சினம். இன்னொரு முறை நடந்தால் முகவரி தடுப்புப் பட்டியலுக்குப் போகும் என்று எச்சரித்தது.

"கெட்டது போ! இனி ஒரு தடவைதான் இருக்கு. ஒழுங்கா யோசி. அவ ஒன்ன விட்டுட்டுப் போனப்ப கோவமே வரலியா?"

"கோவம் எதுக்குங்க? போறப்ப, 'தாழ்ப்பாள் போடலை கண்ணு'ன்னு சொன்னேன். சின்னதுல இருந்தே அவ கோவிச்சுட்டு வெளிய போறப்பெல்லாம் அதத்தானுங்க சொல்லுவேன். பொளுது சாஞ்சா தானா வந்துருவா. நான் தூங்கற மாதிரி படுத்துக்குவேன்." வசவுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார். "இன்னிக்கும் போடறதில்லீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளைக் கோபப்படுத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தொழில் கௌரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையைப் பழித்தேன், சிரித்தார். சட்டையைப் பழித்தேன், குனிந்து பார்த்துக்கொண்டார். மகளைப் பழித்தபோது, "சின்னப் பொண்ணுங்க, ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவளுக்காகப் பரிந்து பேசினார். ஊரானுக்கெல்லாம் கண்ணைச் சோதிக்கிறாயே, பெற்ற மகள் அழுதது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்றும் கேட்டுப் பார்த்தேன். தலை குனிந்ததே தவிர முள் எழவில்லை.

"ஒம் பொண்டாட்டி எப்படிச் செத்தா?"

"நெஞ்சு வலிங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுத்தான் போனேன். அங்க வரிசை ரொம்ப நீளமுங்க."

"அங்கயும் 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு வழி விட்டியா?"

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சினமானியின் முள் எழுந்துவிட்டது. நாச்சிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் முகம் என்னவோ போல் ஆனது. அப்படி ஒரு முகத்தை அவரே கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டார். கையை ஓங்கி மேசையில் அறைந்தார். ஸ்குரூ டிரைவர் தெறித்துக் கீழே விழுந்தது.

"எழுது! இப்ப எழுதுய்யா!" என்று பலகையை அவர் பக்கம் தள்ளினேன்.

எழுதினார். "வாயத் தொறந்தா கத்த மட்டுந்தான் உனக்குத் தெரியும். பெத்தவன் இருக்கானா செத்தானான்னு வந்து பாத்தியா? நீ எக்கேடு கெட்டா எனக்கென்ன. வரதுன்னா வந்து தொலை கழுதை." முள் உச்சியில் நின்று துடித்தது. முகாம் சர்வர் மறுபேச்சுப் பேசவில்லை. இருநூற்றைம்பது. ஏற்றுக்கொண்டேன், முதல் தரம்.

நான் ஜெயித்த களிப்பில் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டி நுனியில் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதில் வரும்வரை இருக்கிறேன் என்று ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஆய்வில் இருக்கும் பெட்டிக்கு வரும் அஞ்சல் முதலில் என் மேசையில் நிற்கும். ஏற்பதா, திருப்புவதா என்று நான் சொன்ன பிறகுதான் உரியவருக்குப் போகும். சாயங்காலம் நான் தடுப்பை இறக்கும் நேரத்தில் அது வந்து நின்றது. பெஞ்சில் இருந்து எழுந்து வந்து அவரும் தடுப்பின் வழியாகப் படித்தார்.

"எவன்டா நீ? எங்கப்பா வாயில கழுதைங்கற வார்த்தை வராது. அவரு நாயைக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடற ஆளு. அவரு போயிட்டாருன்னு இப்பத்தான்டா தெரியுது. செத்தவரு முகவரியத் திருடிட்டு எனக்கே எழுதறியா பிணந்தின்னி. கப்பலுக்குப் பேர் குடுத்துட்டேன். இனிமே இந்த முகவரியில இருந்து எது வந்தாலும் எரிச்சுருவேன்."

முதல் தர முத்திரை. எந்தச் சர்வரும் தயங்காமல் வாங்கிக்கொள்ளும் அஞ்சல். சர்வர் மனிதர் என்று ஒப்புக்கொண்டவரை மகள் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா என்று ஒப்புக்கொள்ளக்கூடிய வரியைச் சர்வர் உள்ளே விடாது. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. நடுவில் இந்த ஆள் நின்றுகொண்டிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா அம்மிணி. என்ற புள்ள என்னை மறக்கலீங்க."

எனக்குக் கோபம் வந்தது. எந்தச் சர்வருக்கும் காட்டத் தேவையில்லாத கோபம். என் மேல் வந்தது, அந்த முகாம் சர்வரின் மேல் வந்தது, தினமும் காலையில் நான் அம்மாவுக்கு எழுதும் அஞ்சலின் மேல் வந்தது. பிணி என்ன என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மகளின் அஞ்சல் இன்னும் என் மேசையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஏற்பதா, திருப்புவதா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

திருப்பு என்று அழுத்தினேன். காரணம் என்ன என்று கேட்டது. பெட்டி நிரம்பிவிட்டது, முகவரி இல்லை, சினம் போதாது என்று எப்போதும் உள்ள வரிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், 'பிற' என்று ஒரு வெற்று இடம் இருக்கிறது. பழைய காலத்து மிச்சம். அதை யாரும் தொடுவதில்லை, தொடக்கூடாது என்பது விதி. திருப்பல் அறிவிப்பை எழுதுவது ஆள் இல்லை, சர்வர். அதனால் அதற்கு மட்டும் சினச்சான்று கேட்பதில்லை. தன் அஞ்சல் ஏன் திரும்பியது என்ற தகவலை எந்தப் பெட்டியும் மறுக்காது. அப்பாவின் முகவரியில் இருந்து வருவதை எரிப்பேன் என்கிறவளும் தன் அஞ்சல் திரும்பி வந்தால் காரண வரியைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

என் பலகையை அவர் பக்கம் திருப்பினேன்.

"திட்ட வேண்டாம். ஒனக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு. சின்ன எடம்தான். ஒரு வரி."

"நெசமாவா சொல்றீங்க?"

"கேள்வி கேட்டுட்டு நிக்காதய்யா, மேல இருந்து எவனாவது பாக்கறதுக்குள்ள எழுது."

ஒற்றை விரலால் தட்டினார். 'வா' என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். எழுதவில்லை. அவள் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதினார்.

செவ்வந்தியின் அஞ்சல் திரும்பிப் போயிற்று. ஐநூற்றைம்பது. காரண வரி: தாழ்ப்பாள் போடலை கண்ணு.

மறுநாள் வியாழக்கிழமை நான் உள்ளே நுழைவதற்குள் கட்டுப்பாட்டாளர் மாசிலாமணி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"மென்சொல் கடத்தல்னு சட்டத்துல ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே பண்ணியிருக்க. நேத்து ஒரு அப்பன் வார்த்தை போச்சு. நாளைக்கு அதே ஓட்டையில லட்சம் மிஷின் 'கண்ணு, கண்ணு'ன்னு வரும். என் தம்பி அப்படி ஒரு குரலை நம்பித்தான் கெளம்பிப் போனான். அம்மா கூப்பிடறான்னு போனான். அம்மா செத்து ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு, வெளிநாட்டுல கெடந்த அவனுக்குத் தெரியாது. அவன் பொணம்கூடக் கெடைக்கல. இன்னொருத்தன் போனா யாரு பொறுப்பு? நீயா?"

பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

"இன்னியோட ஒன் உரிமம் முடிஞ்சுது. சாயங்காலம் பலகைய ஒப்படைச்சிட்டுப் போ. அந்த வெத்து எடத்த மூடச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது நாற்காலியை உதைத்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானம் வரை நாச்சிமுத்துவின் பெட்டிக்கு எதுவும் வரவில்லை. நான் எதிர்பார்த்தது ஒரு நல்ல வசவு. 'கிறுக்கா, இன்னுமா அந்தத் தாழ்ப்பாளை மாத்தலை' என்று முதல் தரத்தில் ஒன்று வந்தால் அவள் நம்பிவிட்டாள் என்று அர்த்தம். வரிசை காலியாகவே இருந்தது. கப்பலுக்கு ஆட்களை வரிசைப்படுத்தத் தொடங்கியிருப்பார்கள். மற்றவர்களின் பிணிகளைப் பார்த்து, கத்தி, அனுப்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் கத்தலில் பழைய வேகம் இல்லை, ஒரு ஆள் என்னைப் பார்த்து, "ஒடம்பு சரியில்லையா?" என்று சந்தேகமாகக் கேட்டான்.

பலகையை ஒப்படைக்கும் முன் தள்ளுபடிப் பதிவைத் திறந்து பார்த்தேன். வாசலிலேயே மறுக்கப்பட்ட அஞ்சல்களின் குப்பைத்தொட்டி அது. முழுக்க இயந்திரங்கள் எழுதியவை. அன்புள்ள, மதிப்பிற்குரிய, நலம் நலமறிய ஆவல். பிணியறிவாளரைத் தவிர யாரும் அதைப் பார்க்க முடியாது. பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது. அன்றைய குப்பையின் அடியில் முகாமிலிருந்து வந்த ஒன்று கிடந்தது. வந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் சர்வர்தான் மறுத்திருந்தது. ஐநூற்றைம்பது. சினம் பூச்சியம். அனுப்புநர் மனிதர் அல்ல.

"வரேனுங்கப்பா. கப்பல்ல இருந்து பேரை எடுத்துட்டேன். இவனும் உங்களாட்டந்தான். யாராச்சும் சத்தம் போட்டா மெரண்டு போய் முழிக்கறான். நீங்க தூங்கற மாதிரி படுத்துக்க வேண்டாம். முழிச்சிட்டே இருங்க."

அதை இரண்டு முறை படித்தேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், யாரும் பார்க்கவில்லை. ஐந்து வருடக் கோபம் அவளுக்கு அந்த ஒரு வரியில் தீர்ந்துபோயிருக்கிறது. தீர்ந்துபோன அந்த நிமிடமே எங்கள் சர்வரின் கணக்கில் அவள் மனுஷி இல்லாமல் போய்விட்டாள். அவள் பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் போய்ச் சேராது. உலகத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நான்.

பலகையை மாசிலாமணியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. சுவர் முழுக்கச் சட்டகங்கள் தொங்கின. ஓர் உயரமான நாற்காலி, எதிரே பெரிதிலிருந்து சிறிதாகிக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. நாச்சிமுத்து ஒரு கண்ணாடியின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

"வாங்க அம்மிணி. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். நல்ல சேதி சொல்கிறவர்கள் எப்படி நிற்பார்கள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஒம் மக வர்றாய்யா!"

தடுப்புக்குப் பின்னால் இருந்து கத்துவதைப்போலவே வந்தது. அவர் கையில் இருந்த கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. நான் ஏதோ கெட்ட சேதி சொல்கிறேன் என்று பயந்துவிட்டார், முகம் வெளிறியது.

"என்னங்க சொன்னீங்க? சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

மூச்சை இழுத்துக்கொண்டேன். "வர்றா. கப்பல்ல ஏறலை."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் கேட்பதுபோல, அவசரமே இல்லாமல், மறுபடியும் கேட்டார்.

"இன்னும் ஒருக்கா சொல்லுங்க அம்மிணி."

"வர்றாளாம் அப்பா. பையனையும் கூட்டிட்டு வர்றா. உங்களை முழிச்சிட்டே இருக்கச் சொன்னா."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் என்னையும் இயந்திரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.